பழைய கணினியை வைஃபையில் சேர்ப்பது: ஈஎஸ்பி32 கொண்டு சீரியல் அடாப்டர் செய்ய முழுமையான வழிகாட்டி

செங்கோட்டை, புளியரையில் தொடங்கி மலைக்கு அந்தப் பக்கம் ஆரியங்காவு, தென்மலை வரை பல அரிசி ஆலைகளிலும் அச்சகங்களிலும் எஸ்டேட் அலுவலகங்களிலும் 1990களில் வாங்கிய கணினிகள் இன்னும் பரணில் இருக்கின்றன. 286, 386, 486 என்று எச்சிஎல், விப்ரோ, ஜெனித் பெட்டிகளும் உண்டு, உள்ளூரில் பூட்டிக் கொடுத்த பெயரில்லாத பெட்டிகளும் உண்டு. தூசி தட்டி மின்சாரம் கொடுத்தால் அவற்றில் பல இன்றும் எழுந்துவிடுகின்றன. ஆனால் உள்ளே இருக்கும் பேரேட்டையோ கடிதங்களையோ வெளியே எடுக்க வழி இருக்காது. ஃப்ளாப்பிகளில் சாரல் ஈரம் பட்டுப் பூஞ்சை ஏறியிருக்கும். யூஎஸ்பி அந்த இயந்திரங்களில் கிடையாது. ஐஎஸ்ஏ ஸ்லாட்டுக்குப் பொருந்தும் நெட்வொர்க் கார்டும் எளிதில் அகப்படாது.

அந்தப் பெட்டிகளில் அநேகமாக எல்லாவற்றிலும் இருப்பது சீரியல் போர்ட். மவுஸும் மோடமும் செருகிய அதே போர்ட்தான். அதற்கும் வீட்டு வைஃபைக்கும் நடுவே நிற்கும் ஒரு சிறு பலகையை நாமே செய்துகொள்ளலாம். பாகங்களுக்கு ஆயிரம் ரூபாய்க்குள் ஆகும், சால்டரிங் கொஞ்சம் பழகியவருக்கு ஒரு விடுமுறை நாள் போதும். இதே வேலைக்கு மூன்றே கம்பிகள் போட்ட வரைபடங்கள் நிறையச் சுற்றுகின்றன. அவை தட்டச்சு செய்து பார்க்க உதவும், கோப்பு அனுப்ப உதவாது. கீழே சொல்லும் முறையில் கம்பிகள் ஐந்து. கூடுதலாக வரும் இரண்டும் 'இப்போது அனுப்பு, இப்போது நிறுத்து' என்று இரு பக்கமும் சொல்லிக்கொள்ளும் கம்பிகள். அவற்றை விட்டுவிட்டால் பழைய இயந்திரம் பைட்டுகளைத் தவறவிடும், கணக்குக் கோப்பில் நடுவே ஓட்டை விழும். அதனால் அந்த இரண்டையும் விட்டுக்கொடுக்கவே கூடாது என்பது என் கட்சி.

இது எப்படி வேலை செய்கிறது

1981இல் ஹேய்ஸ் நிறுவனம் ஸ்மார்ட்மோடம் என்ற மோடத்தை வெளியிட்டது. கணினி அதற்கு 'ஏடி' (AT) என்ற இரண்டெழுத்தில் தொடங்கும் கட்டளைகளைச் சீரியல் கம்பி வழியாகவே அனுப்பும். 'ஏடிடி' (ATD) என்று தொடங்கித் தொலைபேசி எண்ணைக் கொடுத்தால் மோடம் டயல் செய்யும். பின்னால் வந்த எல்லா நிறுவனங்களும் இதே பழக்கத்தைப் பின்பற்றியதால், டாஸ் காலத்துத் தகவல் தொடர்பு மென்பொருள் அத்தனையும் இந்தக் கட்டளைகளைப் பேசும்.

நாம் செய்யும் பலகை அந்த மோடத்தின் வேடத்தைப் போட்டுக்கொள்கிறது. தொலைபேசி எண் வர வேண்டிய இடத்தில் ஒரு ஐபி முகவரியும், அங்கே எந்தச் சேவை என்று சொல்லும் போர்ட் எண்ணும் வரும். பலகையில் இருக்கும் ஈஎஸ்பி32 என்ற வைஃபை கொண்ட சிறு கணினிச் சிப் அந்த முகவரிக்கு டிசிபி (இணையத்தில் தரவை வரிசை குலையாமல் கடத்தும் முறை) இணைப்பு போட்டு, 'கனெக்ட்' என்று பதில் எழுதிவிட்டு, அதன்பின் வருவதை அங்கும் போவதை இங்குமாகக் கடத்தும். எதிரில் இருப்பது மோடம் இல்லை என்று பழைய கணினிக்குத் தெரியவே தெரியாது.

விருதுநகர்ப் பக்கம் அகலப்பாதை வந்து, புனலூர்ப் பக்கம் மீட்டர்கேஜாகவே இருந்த சில ஆண்டுகளில் செங்கோட்டை நிலையத்தில் இறங்கி ஏறியவர்களுக்கு இந்தப் பலகையின் வேலை சட்டென்று புரியும். ஒரு பாதையில் பெரிய வண்டி வரும், மறு பாதையில் சிறிய வண்டி நிற்கும். சிறிய வண்டி நிரம்பிவிட்டால் மிச்சப் பேர் நடைமேடையில் காத்திருக்க வேண்டும். அந்த நடைமேடைதான் ஈஎஸ்பி32இன் நினைவகம். அதுவும் நிரம்பினால் பெரிய வண்டியை வெளியே சிக்னலில் நிறுத்தத் தெரிய வேண்டும்.

முதலில் பழைய பெட்டியைத் திறந்து பாருங்கள்

மின்சாரம் கொடுப்பதற்கு முன் மூடியைக் கழற்றி மதர்போர்டைப் பாருங்கள். 286 முதல் 486 வரையிலான பல போர்டுகளில் பீப்பாய் வடிவில் நிக்கல்-காட்மியம் பேட்டரி ஒன்று சால்டர் செய்யப்பட்டிருக்கும். வருடக்கணக்கில் கிடந்தால் அது கசியும். பச்சையாகவோ வெள்ளையாகவோ படிந்திருந்தால் பேட்டரியை வெட்டி எடுத்துவிட்டு, பஞ்சில் வினிகர் தொட்டு அந்த இடத்தைத் துடைத்து, பிறகு ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் கழுவி நன்றாக உலரவிடுங்கள். சீரியல் போர்ட்டின் ஊசிகளில் களிம்பு ஏறியிருந்தால் அவற்றையும் ஆல்கஹாலால் துடைக்க வேண்டும். ஆனி, ஆடிச் சாரலில் எங்கள் பக்கம் வீட்டுச் சுவரே வியர்க்கும். இந்த வேலையை வெயில் காலத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

அடுத்தது எர்த். இதைப் பலரும் கண்டுகொள்வதில்லை. பழைய வீடுகளில் மூன்று துளை சாக்கெட் இருக்கும், மூன்றாவது துளைக்குப் பின்னால் கம்பியே இருக்காது. அப்படி எர்த் இல்லாமல் ஓடும் கணினியின் இரும்புப் பெட்டியில், பவர் சப்ளையின் வடிகட்டி மின்தேக்கிகள் வழியாக மின்சாரம் சற்றே கசிந்து நிற்கும். மல்டிமீட்டரை ஏசியில் வைத்துப் பெட்டிக்கும் நியூட்ரலுக்கும் நடுவே பார்த்தால் நூறு வோல்ட்டுக்கு மேல்கூடக் காட்டும். தொட்டால் சுருக்கென்று இருக்கும். அளவில் அது சிறிய மின்னோட்டம்தான், ஆனால் நம் சிறு சிப்பைச் சாகடிக்க அது போதும். எர்த்தைச் சரி செய்யுங்கள். அது உடனே முடியாதென்றால் ஒரு விதியை மட்டும் மீறாதீர்கள்: சீரியல் கேபிளைச் செருகிய பிறகே இரண்டு பக்கமும் மின்சாரம் கொடுக்க வேண்டும், மின்சாரத்தை நிறுத்திய பிறகே கேபிளை உருவ வேண்டும்.

போர்ட்டை அடையாளம் காண்பது

கணினியின் பின்னால் ஊசிகள் வெளியே தெரியும் ஒன்பது ஊசி இணைப்பிதான் சீரியல் போர்ட். 286க்கும் முந்தைய எக்ஸ்டி வகையில் அது இருபத்தைந்து ஊசியாக இருக்கும். துளைகள் கொண்ட இருபத்தைந்து துளை இணைப்பி பிரிண்டருக்கானது. அதில் நம் பலகையைச் செருகக் கூடாது.

உள்ளே எந்த யூஆர்ட் சிப் (சீரியல் தரவை அனுப்பிப் பெறும் சிப்) இருக்கிறது என்பதைப் பொறுத்தே வேகம் அமையும். டாஸ் 6 இருந்தால் அதோடு வரும் மைக்ரோசாஃப்ட் டயக்னாஸ்டிக்ஸ் நிரலை ஓட்டி, காம் போர்ட் பக்கத்தைப் பாருங்கள். 8250 அல்லது 16450 என்று காட்டினால் அந்தச் சிப்பில் ஒரே ஒரு பைட்டுக்குத்தான் இடம், அடுத்த பைட் வந்து சேர்வதற்குள் செயலி அதை எடுத்தாக வேண்டும். 16550ஏ வகையானால் பதினாறு பைட் வரை தாங்கும்.

எண்களில் வைத்துப் பார்த்தால் இது விளங்கும். எட்டு பிட், பாரிட்டி (பிழை காட்டும் பிட்) இல்லை, ஒரு ஸ்டாப் பிட் என்ற அமைப்பில், தொடக்க பிட்டும் சேர்த்து ஒரு பைட்டுக்குப் பத்து பிட் செலவாகும். 9600 வேகத்தில் நொடிக்கு 960 பைட் போகும், 1,15,200இல் 11,520 பைட். அதாவது அந்த உச்ச வேகத்தில் பைட்டுக்கு 87 மைக்ரோநொடிதான். 4.77 மெகாஹெர்ட்ஸில் ஓடும் எக்ஸ்டியின் செயலிக்கு அது ஏறக்குறைய 414 துடிப்புகள். ஒவ்வொரு கட்டளைக்கும் பல துடிப்புகள் தேவைப்படும் அந்த 8088 செயலியால் அதற்குள் 'பைட் வந்திருக்கிறது' என்று சிப் தரும் இன்டரப்ட்டைக் கவனித்து, பைட்டை எடுத்து, நினைவகத்தில் வைத்துத் திரும்ப முடியாது. எக்ஸ்டிக்கு 9600, 286, 386க்கு 19,200, 16550ஏ உள்ள 486க்கு 57,600 அல்லது 1,15,200 என்று தொடங்குங்கள்.

போர்ட் உயிரோடு இருக்கிறதா என்று அறிய எளிய சோதனை உண்டு. ஏதாவது ஒரு டெர்மினல் நிரலைத் (சீரியல் போர்ட்டில் எழுத்தை அனுப்பிப் பெறும் நிரல்) திறந்து, தட்டியதைத் தானே காட்டும் லோக்கல் எக்கோவை நிறுத்தி, இரண்டாம் மூன்றாம் ஊசிகளை ஒரு ஜம்பர் கம்பியால் இணையுங்கள். ஏழையும் எட்டையும் அதேபோல் இணையுங்கள். தட்டும் எழுத்து திரையில் வந்தால் போர்ட் நன்றாக இருக்கிறது. ஜம்பரை எடுத்தவுடன் எழுத்து வருவது நிற்க வேண்டும்.

பாகங்கள்

ஈஎஸ்பி32 டெவ்கிட் பலகை ஒன்று வேண்டும், ரூம்-32 தொகுதி உள்ளதாக இருக்கட்டும். விலை குறைந்த ஈஎஸ்பி8266இலும் இதைச் செய்யலாம், பலர் செய்கிறார்கள். அதன் முதன்மைச் சீரியல் ஊசிகளே யூஎஸ்பிக்கும் போவதால் நிரல் ஏற்றும்போதெல்லாம் கம்பியைக் கழற்ற வேண்டும். மின்சாரம் வந்தவுடன் அது 74,880 வேகத்தில் தன் விவரங்களைக் கொட்டும், பழைய கணினித் திரையில் அது குப்பையாக விழும். ஈஎஸ்பி32இல் மூன்று யூஆர்ட்கள் உள்ளன. ஒன்றை யூஎஸ்பிக்கு விட்டுவிட்டு இன்னொன்றைப் பழைய கணினிக்கு முழுதாகக் கொடுக்கலாம். இந்த வசதிக்காகவே நான் அதைச் சொல்கிறேன்.

அடுத்தது மேக்ஸ்3232 சிப். ஆர்எஸ்-232 கம்பியில் ஒன்று என்பதற்கு மைனஸ் 3 முதல் மைனஸ் 15 வோல்ட், பூஜ்யத்துக்கு பிளஸ் 3 முதல் பிளஸ் 15 வோல்ட். பல கணினிகள் 12 வோல்ட் அளவில் அனுப்பும். ஈஎஸ்பி32 தாங்குவது 3.3 வோல்ட். நேராக இணைத்தால் அந்தக் கணமே போய்விடும். மேக்ஸ்3232 இந்த இரண்டுக்கும் நடுவே மொழிபெயர்க்கும், அனுப்ப இரண்டு தடம், பெற இரண்டு தடம் தரும். நமக்குச் சரியாக அவ்வளவுதான் தேவை. கடையில் மேக்ஸ்232 கொடுத்தால் வாங்காதீர்கள், அது 5 வோல்ட் சிப்.

இவற்றோடு 0.1 மைக்ரோஃபாரட் செராமிக் மின்தேக்கி ஐந்து, 10 கிலோஓம் மின்தடை இரண்டு, ஒன்பது துளை பெண் இணைப்பி ஒன்று, டாட் போர்டு, 5 வோல்ட் 1 ஆம்பியர் மொபைல் சார்ஜர் வேண்டும். தென்காசி, புனலூர் ரேடியோ ரிப்பேர் கடை அண்ணாச்சிகளிடம் இணைப்பியும் மின்தேக்கியும் கிடைக்கும். ஈஎஸ்பி32ஐத் தபாலில் வரவழைக்க வேண்டியிருக்கலாம்.

மேக்ஸ்3232 தொகுதி என்று இணைப்பியோடு சேர்த்தே விற்கிறார்கள். அவற்றில் பலவற்றில் முதல் தடம் மட்டுமே வெளியே கொண்டுவரப்பட்டிருக்கும். இரண்டாம் தடம் இல்லாத தொகுதி நம் வேலைக்கு ஆகாது. வாங்கும் முன் இணைப்பியின் ஏழாம் எட்டாம் துளைகளிலிருந்து சிப்புக்குத் தடம் போகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கம்பி இணைப்பு

சிப்பின் பதினாறாம் கால் 3.3 வோல்ட்டுக்கு, பதினைந்தாம் கால் கிரவுண்டுக்கு. 5 வோல்ட் கொடுக்கவே கூடாது. கொடுத்தால் சிப் ஓடும், ஆனால் ஈஎஸ்பி32இன் காலுக்கு 5 வோல்ட் போய்ச் சேரும். மின்தேக்கிகளில் ஒன்று 1, 3 கால்களுக்கு நடுவே, ஒன்று 4, 5க்கு நடுவே, ஒன்று 2இலிருந்து கிரவுண்டுக்கு, ஒன்று 6இலிருந்து கிரவுண்டுக்கு. ஐந்தாவது 16க்கும் 15க்கும் நடுவே, சிப்பை ஒட்டியே இருக்க வேண்டும்.

இனி ஐந்து கம்பிகள் (ஈஎஸ்பி32க்குச் சொல்பவை ஜிபிஐஓ எண்கள்):

கணினிக்குப் போகும் தரவு: ஈஎஸ்பி32இன் 17 → சிப்பின் 11. சிப்பின் 14 → இணைப்பியின் 2.

கணினியிலிருந்து வரும் தரவு: இணைப்பியின் 3 → சிப்பின் 13. சிப்பின் 12 → ஈஎஸ்பி32இன் 16.

கணினியை நிறுத்தச் சொல்லும் கம்பி: ஈஎஸ்பி32இன் 18 → சிப்பின் 10. சிப்பின் 7 → இணைப்பியின் 8.

கணினி நம்மை நிறுத்தச் சொல்லும் கம்பி: இணைப்பியின் 7 → சிப்பின் 8. சிப்பின் 9 → ஈஎஸ்பி32இன் 19.

கிரவுண்ட்: இணைப்பியின் 5 → சிப்பின் 15 → ஈஎஸ்பி32இன் கிரவுண்ட்.

இருபத்தைந்து ஊசிக் கணினிக்கு எண்கள் மாறும். அங்கே 2 கணினியிலிருந்து வருவது, 3 கணினிக்குப் போவது, 4 கணினி நமக்குச் சொல்வது, 5 நாம் கணினிக்குச் சொல்வது, 7 கிரவுண்ட்.

இரண்டு 10 கிலோஓம் மின்தடைகளும் சிப்பின் 10, 11 கால்களிலிருந்து 3.3 வோல்ட்டுக்குப் போகட்டும். வரைபடங்களில் இது அரிதாகவே வரும், ஆனால் மிகவும் பயனுள்ளது. ஈஎஸ்பி32 தூங்கி எழும் அந்த ஓரிரு நொடிகளில் அதன் கால்கள் எந்தப் பக்கமும் இல்லாமல் மிதக்கும். இந்த மின்தடைகள் இருந்தால் அந்நேரத்தில் தரவுக் கம்பி அமைதியாக இருக்கும், நிறுத்தக் கம்பி 'பொறு' என்றே காட்டும்.

கடைசியாக, ஒன்பது துளை இணைப்பிக்குள்ளேயே 4, 6, 1 மூன்றையும் ஒன்றாக இணைத்துவிடுங்கள். கணினி 'நான் தயார்' என்று நான்காம் ஊசியில் காட்டும் மின்னழுத்தம் ஆறுக்கும் ஒன்றுக்கும் திரும்பிப் போகும். மோடம் இருக்கிறதா, மறுமுனை கிடைத்ததா என்று கேட்கும் பழைய நிரல்கள் அதில் திருப்தியாகிவிடும்.

மின்சாரத்துக்குத் தனிச் சார்ஜர் போதும். சீரியல் போர்ட்டிலிருந்தே எடுக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வைஃபை அனுப்பும் கணத்தில் ஈஎஸ்பி32 இருநூறு மில்லி ஆம்பியருக்கு மேல் இழுக்கும், அந்தப் போர்ட்டோ பத்து மில்லி ஆம்பியரைத் தருவதே அரிது.

கணினியில் செருகும் முன்

சார்ஜரை மட்டும் போட்டு மேக்ஸ்3232ஐ விரலால் தொட்டுப் பாருங்கள். சுட்டால் உடனே நிறுத்துங்கள், இணைப்பு தவறு அல்லது சிப் போலி. சுடவில்லையென்றால் மல்டிமீட்டரை டிசியில் வைத்து, இணைப்பியின் 5ஐக் கறுப்பாகவும் 2ஐச் சிவப்பாகவும் கொண்டு அளக்கவும். மைனஸ் ஐந்து, ஐந்தரை வோல்ட் அளவில் காட்ட வேண்டும். பூஜ்யம் காட்டினால் ஏதோ ஒரு மின்தேக்கியில் ஈயம் சரியாகப் பிடிக்கவில்லை. பழைய கணினியின் பக்கமும் இதேபோல் 5க்கும் 3க்கும் நடுவே அளந்தால் மைனஸ் பத்து முதல் பன்னிரண்டு வரை காட்டும். அப்படிக் காட்டினால் எதிலிருந்து எது போகிறது என்பது உறுதியாகிவிட்டது.

நிரல்

ஆயத்த நிரல் வேண்டுமென்றால் ஜிமோடெம் என்ற திறமூல நிரல் ஈஎஸ்பி32இல் ஓடும். அதன் அமைப்பில் ஊசி எண்களை நம் பலகைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ள வேண்டும். நீங்களே எழுதுவதாக இருந்தால் ஆர்டுவினோ சூழலில் சில நூறு வரிகள் போதும். எழுத வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்.

இரண்டாம் சீரியலைத் தொடங்கும் முன் பெறும் பஃபரை 4096 பைட்டாக உயர்த்துங்கள். தானாக இருக்கும் 256 போதாது. ஊசிகளைப் பெறுவது 16, அனுப்புவது 17, சிடிஎஸ் (கணினி நம்மை நிறுத்தச் சொல்வது) 19, ஆர்டிஎஸ் (நாம் கணினியை நிறுத்தச் சொல்வது) 18 என்ற வரிசையில் கொடுங்கள். பிறகு வன்பொருள் ஃப்ளோ கண்ட்ரோலை, அதாவது அந்த இரு நிறுத்தக் கம்பிகளின் வேலையை, இரு பக்கமும் இயக்கி, வரம்பை 64 என்று வையுங்கள். ஈஎஸ்பி32இன் யூஆர்ட்டுக்குள் 128 பைட் வரிசை இருக்கிறது. 64 சேர்ந்தவுடன் அது நிறுத்தச் சொல்லும். 16550ஏ ஏற்கெனவே எடுத்து வைத்துவிட்ட பதினாறு பைட்டை அதற்குப் பின்னும் அனுப்பிக்கொண்டிருக்கும், மீதி இடம் அதைத் தாங்கும்.

கட்டளை நிலையில் ஒவ்வொரு எழுத்தையும் திருப்பி எழுதிக்காட்டி, என்டர் வந்ததும் 'ஏடி' என்று தொடங்குகிறதா என்று பாருங்கள். டயல் கட்டளையில் முகவரியையும் போர்ட்டையும் பிரித்து இணைப்புப் போடுங்கள். வைஃபை பெயர், கடவுச்சொல், வேகம் ஆகியவற்றைச் சேமிக்கத் தனிக் கட்டளைகள் வைத்துக்கொள்ளுங்கள். தரவு நிலையிலிருந்து கட்டளை நிலைக்குத் திரும்ப ஹேய்ஸ் வைத்த வழியே நல்லது: ஒரு நொடி அமைதி, +++, மறுபடி ஒரு நொடி அமைதி. அந்த அமைதியைச் சோதிக்காமல் விட்டால் கோப்புக்குள் எங்காவது மூன்று கூட்டல் குறி வரும்போது இணைப்பு அறுந்துவிடும்.

தரவு நிலையில் நிரலின் உயிரே ஒரு சின்னச் சுழலில் இருக்கிறது. சீரியலில் எழுத எவ்வளவு இடம் இருக்கிறது என்று முதலில் கேளுங்கள், அவ்வளவை மட்டுமே டிசிபியிலிருந்து படியுங்கள். இடம் இல்லையென்றால் படிக்காதீர்கள். படிக்காமல் விட்டால் டிசிபியின் சாளரம் தானாகச் சுருங்கும், மறுமுனையில் இருக்கும் கணினி தானாக வேகத்தைக் குறைக்கும். பழைய கணினி ஹார்டு டிஸ்க்கில் எழுத நேரம் எடுத்துத் தன் ஆர்டிஎஸ்ஸை (ஏழாம் ஊசியை) இறக்கினால், அந்த 'பொறு' இப்படிச் சங்கிலியாக மறுமுனை வரை போய்ச் சேர்கிறது. எங்கும் ஒரு பைட்கூட விழுவதில்லை. மூன்று கம்பி வரைபடத்தில் இந்தச் சங்கிலி முதல் கண்ணியிலேயே அறுந்திருக்கிறது.

இன்னொன்று, தொலைக் கணினியில் தட்டச்சு செய்ய உதவும் டெல்நெட் நெறிமுறையில் 255 என்ற எண் சிறப்புக் குறி. அதைத் தரவாக அனுப்ப இரட்டிக்க வேண்டும். ஆகவே டெல்நெட் நிலை, எதையும் மாற்றாமல் அனுப்பும் கச்சா நிலை என இரண்டு வைத்து, கோப்பு அனுப்பும்போது கச்சா நிலையைத் தேர்ந்தெடுங்கள்.

பழைய கணினியின் பக்கம்

ஃப்ளாப்பியே ஓடாதபோது தகவல் தொடர்பு நிரலை உள்ளே எப்படிக் கொண்டுபோவது? விண்டோஸ் 3.1 இருந்தால் கவலை இல்லை. அதோடு வரும் டெர்மினல் நிரலில் கோப்பு அனுப்பும் முறைகளான எக்ஸ்மோடெம், கெர்மிட் இரண்டும் உண்டு. விண்டோஸ் 95இல் ஹைப்பர்டெர்மினல் இருக்கும். டாஸ் மட்டும் இருந்தால் டெலிக்ஸ், எம்எஸ்-டாஸ் கெர்மிட் போன்றவை ஏற்கெனவே டிஸ்க்கில் இருக்கின்றனவா என்று தேடுங்கள். மோடம் வைத்திருந்த அலுவலகங்களில் பெரும்பாலும் ஏதாவது ஒன்று இருக்கும்.

நிரல் எதுவானாலும் அமைப்பு ஒன்றே: எட்டு பிட், பாரிட்டி இல்லை, ஒரு ஸ்டாப் பிட், ஃப்ளோ கண்ட்ரோல் 'ஹார்டுவேர்' அல்லது 'ஆர்டிஎஸ்/சிடிஎஸ்'. எக்ஸ்ஆன்/எக்ஸ்ஆஃப் வேண்டாம். அது 17, 19 என்ற எண்களைத் 'தொடங்கு', 'நிறுத்து' குறிகளாக எடுத்துக்கொள்ளும், கோப்பில் அந்த எண்கள் தரவாகவும் வரும்.

மறுமுனைக்கு லினக்ஸ் மடிக்கணினி அல்லது ராஸ்பெரி பை போதும். நெட்வொர்க் இணைப்பை வேறொரு நிரலோடு கோக்கும் சோகாட் நிரலை ஒரு டிசிபி போர்ட்டில் காத்திருக்கச் சொல்லி, இணைப்பு வந்தவுடன் இசட்மோடெம் பெறும் நிரலான ஆர்இசட்டை ஓட்டச் சொல்லுங்கள். பழைய கணினியில் டெலிக்ஸ் திறந்து, மடிக்கணினியின் முகவரியை டயல் செய்து, 'கனெக்ட்' வந்ததும் இசட்மோடெமில் அனுப்புங்கள். எக்ஸ்மோடெம் மட்டுமே கிடைத்தால் அதுவும் சரிதான். 128 பைட் கட்டுகளாகப் போவதால் கடைசிக் கட்டில் மிஞ்சும் இடம் நிரப்பப்பட்டு, கோப்பு சற்று நீண்டு வரும்.

ஒரு முழு 1.44 எம்பி ஃப்ளாப்பி அளவுக்கு 9600இல் ஏறக்குறைய 26 நிமிடம், 19,200இல் 13 நிமிடம், 1,15,200இல் இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேல் ஆகும். அவசரப்பட்டு வேகத்தை ஏற்ற வேண்டாம். அந்த இயந்திரத்திலிருந்து கணக்கை ஒரே ஒரு முறை எடுத்தால் போதும், பிழையில்லாமல் எடுப்பதே முக்கியம்.

தமிழ், மலையாளக் கோப்புகள்

எல்லைப் பக்கத்தில் இந்த வேலை செய்பவர்களுக்கு இது தனியாகச் சொல்லப்பட வேண்டியது. டாஸ் காலத்தில் சி-டாக் நிறுவனத்தின் ஜிஸ்ட் கார்டு (இந்திய மொழிகளைத் திரையில் காட்டும் கார்டு) போட்ட கணினிகளில் இந்திய மொழி எழுத்துகள் எழுத்துக்கு எண் தரும் இஸ்கி குறிமுறையில் சேமிக்கப்பட்டன. 1991இல் ஐஎஸ் 13194 என்ற இந்தியத் தரமாக அது அறிவிக்கப்பட்டது. அதில் தமிழுக்கும் மலையாளத்துக்கும் எண்கள் ஒன்றே. 179 என்ற எண் இரண்டிலும் ககரம்தான், எந்த எழுத்தில் காட்டுவது என்பது தனித் தேர்வு. ஆகவே ஒரே டிஸ்க்கில் இந்தப் பக்கத்துக் கடிதமும் அந்தப் பக்கத்துக் கடிதமும் கலந்து கிடந்தால், எண்களை மட்டும் பார்த்து எது எந்த மொழி என்று சட்டெனச் சொல்ல முடியாது. கோப்பை எடுக்கும்போதே உரிமையாளரிடம் கேட்டுப் பெயரோடு குறித்துக்கொள்ளுங்கள்.

இந்த எழுத்துகள் எல்லாம் 160க்கு மேற்பட்ட எண்களில் இருக்கின்றன, அதாவது எட்டாவது பிட் ஏறியிருக்கும். டெர்மினலை ஏழு பிட்டில் வைத்து அனுப்பினால் அந்த பிட் உதிர்ந்து 179 என்பது 51 ஆகிவிடும், திரையில் ககரம் இருக்க வேண்டிய இடமெல்லாம் 3 என்ற இலக்கம் நிற்கும். எட்டு பிட் என்று நான் வற்புறுத்துவது இதற்காகத்தான்.

எடுத்த பிறகு யூனிகோடுக்கு மாற்ற, யூனிகோடு வேலைகளுக்கான ஐசியூ நூலகத்தோடு வரும் யூகான்வ் கருவி உதவும். விண்டோஸ் குறிப்பக்கங்களில் தமிழ் இஸ்கிக்கு 57004, மலையாளத்துக்கு 57009. அச்சகங்களின் கோப்புகள் வேறு கதை. அங்கே ஒவ்வொரு எழுத்துருவுக்கும் ஒரு குறிமுறை இருந்தது, அதற்கு எழுத்துருவின் பெயர் தெரிய வேண்டும். கோப்புகளோடு எழுத்துருக் கோப்பையும் சேர்த்தே எடுத்து வையுங்கள். மாற்றும் வேலை எதுவானாலும் அதை நகலில் செய்யுங்கள், மூலத்தைத் தொடாதீர்கள்.

இன்னும் ஒரு படி: உண்மையான இணைய முகவரி

மோடம் வேடம் கோப்பு எடுக்கப் போதும். பழைய கணினியே நேராக எஃப்டிபி, டெல்நெட் பேச வேண்டுமென்றால், சீரியல் கம்பியிலேயே இணையப் பொட்டலங்களை அனுப்பும் ஸ்லிப் நெறிமுறை இருக்கிறது. 1988இல் ஆர்எஃப்சி 1055ஆக எழுதப்பட்ட மிக எளிய ஏற்பாடு அது. ஒவ்வொரு பொட்டலத்தின் முடிவிலும் 192, தரவுக்குள் 192 வந்தால் அதற்குப் பதில் 219, 220, தரவுக்குள் 219 வந்தால் 219, 221. அவ்வளவுதான். ஈஎஸ்பி32ஐக் கச்சா நிலையில் ராஸ்பெரி பையோடு இணைத்து, அங்கே சோகாட்டும், லினக்ஸில் ஸ்லிப்பை இயக்கும் எஸ்எல்-அட்டாச்சும் வைத்தால் பையே இணையத்துக்கு வழிவிடும் கணினியாகும். டாஸ் பக்கம் ஸ்லிப் பாக்கெட் டிரைவரும் மைக்கேல் புரூட்மன் எழுதிய எம்டிசிபி என்ற இணைய நிரல் தொகுப்பும் வேண்டும். 8088 இயந்திரத்திலும் ஓடும் அருமையான வேலைப்பாடு அது. ஐபி முகவரியைக் கையால் எழுதி, எம்டியூவை (ஒரு பொட்டலத்தின் உச்ச அளவை) 576 என்று வையுங்கள். டிரைவரில் ஹார்டுவேர் ஃப்ளோ கண்ட்ரோல் விருப்பத்தை இயக்க மறக்காதீர்கள்.

இன்றைய இணையதளங்களை அதில் திறக்க முடியாது. அவற்றின் குறியாக்கம் அந்தச் செயலிகளுக்கு மிக அதிகம். ஈஎஸ்பி32ஆல் அந்தக் குறியாக்கத்தைச் செய்ய முடியும் என்பதால், அஞ்சல் போன்ற சேவைகளுக்கு அந்தக் குறியாக்க முறையான டிஎல்எஸ்ஸைப் பலகையிலேயே முடித்துக்கொண்டு கம்பியில் வெற்றுத் தரவை மட்டும் அனுப்பும்படி நிரல் எழுதலாம். பழைய கணினிக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லை என்பதால் ரவுட்டரில் விருந்தினர் நெட்வொர்க் ஒன்றைத் திறந்து பலகையை அதில் விடுங்கள். அந்த விருந்தினர் நெட்வொர்க்கில் சாதனங்கள் ஒன்றையொன்று பார்க்கும் அனுமதி இருக்க வேண்டும், மடிக்கணினியும் அதிலேயே இருக்கட்டும். வெளியிலிருந்து போர்ட் திறந்துவிட வேண்டாம்.

வேலை செய்யாதபோது

திரையில் குப்பை எழுத்து வந்தால் வேகம் பொருந்தவில்லை. எதுவுமே வராவிட்டால் ஃப்ளோ கண்ட்ரோலைத் தற்காலிகமாக நிறுத்திப் பாருங்கள். அப்போது எழுத்து வந்தால் ஏழு, எட்டு கம்பிகளில்தான் பிழை. சிறு வரிகள் சரியாகப் போய், கோப்பு மட்டும் நடுவில் நின்றால் கணினி நிரலில் ஃப்ளோ கண்ட்ரோல் இயங்கவில்லை. வைஃபையே பிடிக்கவில்லையென்றால் ரவுட்டர் 5 கிகாஹெர்ட்ஸில் மட்டும் இருக்கிறதா என்று பாருங்கள், ஈஎஸ்பி32க்கு 2.4 மட்டுமே தெரியும். இணைக்கும் கணத்தில் பலகை தானாக மறுதொடக்கம் ஆனால் சார்ஜரையும் யூஎஸ்பி கேபிளையும் மாற்றுங்கள், மெலிந்த கேபிளில் மின்னழுத்தம் விழுந்துவிடும்.

சாரல் காலத்தில் பலகையை மூடிய பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். உலோக டப்பா வேண்டாம், வைஃபை வெளியே வராது. ஐப்பசி மழையில், அந்தப் பக்கத்தார் சொல்லும் துலாவர்ஷத்தில், பிற்பகல் இடி பலமாக இருக்கும். பழைய மோடங்கள் தொலைபேசிக் கம்பி வழியாக வந்த மின்னலில் போயின. இதில் அந்தக் கம்பி இல்லை, சுவரிலிருந்து வரும் மின்கம்பி மட்டும் இருக்கிறது. வானம் கறுத்தால் கணினியின் பிளக், சார்ஜர் இரண்டையும் சாக்கெட்டிலிருந்து உருவிவிடுங்கள்.